முடக்குவாதமும் புதிய உயிரி மருந்துகளும்

மூட்டு வலியைப் பற்றி ஒரு கட்டுரை என்றதும், ‘அது முதுமையில் எவர்க்கும் வருவதுதானே’ என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். நாம் இங்கே கூற வந்தது வேறொரு நோய். முப்பது நாற்பது வயதில், நாற்று நடவும், கதிர் அறுக்கவும், பிள்ளையைத் தூக்கவும் கைகள் மிகவும் வேண்டியிருக்கும் பருவத்தில் வந்து, அக்கைகளையே முடக்கிவிடும் நோய் அது. ஆங்கில மருத்துவத்தில் ‘ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ எனப்படும் இதனை நம்மவர் முடக்குவாதம் என்றும், சரவாங்கி என்றும் வழங்குவர். சித்த மருத்துவர்கள் வளி அழல் கீல்வாயு என்பர்.

நம் நாட்டில் வயது வந்தோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. மூவாயிரம் வாக்காளர் உள்ள ஒரு பஞ்சாயத்தில் பதினைந்து, இருபது பேர் இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பலர் மருத்துவரிடம் போகாமல் அடுப்பங்கரையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுபவர்கள். கிராமசபையில் கை உயர்த்தி இந்நோயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆதலால் பஞ்சாயத்து உறுப்பினர்களும் இதனைத் தம் பொறுப்பில் உள்ள விஷயமாக எண்ணுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். புதுவை நகரின் தென்பகுதியில் உள்ள உப்பளத்தை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். ஒரு காலத்தில் அங்கே உப்பு விளைந்ததைப் பெயரே சொல்கிறது. இன்று அது வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. பழைய துறைமுகமும் இந்திரா காந்தி விளையாட்டரங்கும் அவ்விடத்தவை. அங்கே ஒரு மீன்காரப் பெண்மணி இருப்பதாகக் கொள்வோம். வயது முப்பத்தாறு. விடியற்காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. கூடையின் விளிம்பைப் பிடிக்க முடிவதில்லை. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் ஒருவாறு விரல்கள் இளகுகின்றன. ஆனால் மீன் ஏலம் அதற்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, தொட்டால் சுடுகின்றன. மணிக்கட்டும் பாதத்தின் முன்பகுதியும் அவ்வாறே. இந்நிலை இரண்டு மாதமாக நீடிக்கிறது.

இப்பெண்மணியின் வலிக்கும், பாகூரில் ஏர் பிடித்து உழைத்து அறுபத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்த ஒரு பெரியவரின் வலிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே முதற்பாடம். தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும், ஓய்வெடுத்தால் தணியும். காலை விறைப்பு கால் மணி, அரை மணியில் நீங்கிவிடும். முடக்குவாதமோ ஓய்வுக்குப் பின்னரே கடுமை கொள்ளும். காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும். சிறு மூட்டுகளைப் பற்றும். வலக்கையைப் பற்றினால் இடக்கையையும் பற்றும். களைப்பும் லேசான காய்ச்சலும் இரத்தச் சோகையும் உடன் வருவதுண்டு. ஆறு வாரத்துக்கு மேல் இவ்விதம் இருந்தால் அது சாதாரண வலியன்று என்று துணிந்து மருத்துவரை நாட வேண்டும்.

இங்கே ஒரு குழப்பமும் நேரும். 2006ஆம் ஆண்டில் தமிழகத்திலும் புதுவையிலும் சிக்குன்குனியா காய்ச்சல் பரவியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கொசுவால் பரவும் அக்காய்ச்சல் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் மூட்டுகள் வீங்கியிருப்பதுண்டு. தோற்றத்தில் முடக்குவாதத்தைப் போலவே இருக்கும். பெரும்பாலோர்க்கு அது தானே தணிந்துவிடும். முடக்குவாதம் அவ்வாறு தணிவது அரிது. இரத்தத்தில் ‘ஆர்.ஏ. காரணி’, ‘சி.சி.பி. எதிர்ப்புப் புரதம்’ ஆகிய இரண்டையும் சோதித்தும், கை கால்களை எக்ஸ்ரே எடுத்தும், மூட்டுகளை நேரில் அழுத்திப் பார்த்துமே மருத்துவர் முடிவு செய்வார். ஆர்.ஏ. காரணி நோயில்லாதவரிடமும் காணப்படலாம். நோயுள்ளவரிடம் காணப்படாமலும் போகலாம். எனவே சோதனைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவது கூடாது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் உடலில் நோய்க்கிருமிகளோடு போரிடும் காவற்படை ஒன்று உண்டு. வெள்ளை அணுக்களும் அவை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களுமே அப்படை. முடக்குவாதத்தில் இப்படை திசை மாறிவிடுகிறது. மூட்டின் உட்புறத்தைப் பட்டுத்துணிபோல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைப் பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. உறை தடித்து வீங்குகிறது. அதிலிருந்து ஊறும் நீர் மூட்டுக்குள் தேங்குகிறது. நாளடைவில் தடித்த உறை, வரப்பில் படர்ந்த அறுகம்புல் வயலுக்குள் இறங்குவதுபோல, குருத்தெலும்பின் மீதும் எலும்பின் மீதும் படர்ந்து அரிக்கிறது. இந்த அரிப்பு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்கு ஏற்பட்டுவிடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பை எந்த மருந்தும் மீண்டும் வளர்ப்பதில்லை. முதல் மூன்று, ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பரம்பரைக் கூறு ஓரளவு உண்டு. புகைபிடித்தல் நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கிறது. வந்த பின் மருந்தின் பலனையும் குறைக்கிறது. பீடியும் இதில் அடக்கம்.

காவற்படை முழுவதும் ஒரே வேளையில் மூட்டுக்குள் வந்து சேர்வது எவ்வாறு? ஊரில் தண்டோரா போட்டு ஆட்களைக் கூட்டுவதுபோல, அணுக்கள் சில தூதுப் புரதங்களை வெளிவிட்டு மற்ற அணுக்களை அழைக்கின்றன. இத்தூதுவர்களில் தலைமையானது டி.என்.எஃப். எனப்படுவது. 1975ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கண்டபோது, எலிகளின் சில கட்டிகளை இது அழியச் செய்ததால் ‘கட்டி நசிவுக் காரணி’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பெயர் ஒரு காரணத்தால் வந்தது. புகழோ வேறொரு காரணத்தால் வந்தது.

இலண்டன் நகரின் கென்னடி ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் ஃபெல்ட்மன் என்பவரும் ரவீந்தர் மெய்னி என்பவரும் இணைந்து பணியாற்றினர். மெய்னி நம் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர். நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த திசுவை அவர்கள் ஆராய்ந்தபோது அதில் பல தூதுப் புரதங்கள் நிறைந்திருந்தன. டி.என்.எஃப். ஒன்றை மட்டும் தடுத்தால் ஏனைய பலவும் தாமே அடங்குவதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். தலைமடையை அடைத்தால் கிளை வாய்க்கால்கள் வற்றுவது நம் விவசாயிகளுக்குத் தெரியாததன்று. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் இருபது நோயாளிகளுக்கு டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். வேறு மருந்துகளால் பயன் காணாத அவர்கள் விரைவிலேயே குணம் கண்டனர். மருந்து நின்றதும் நோய் திரும்பியதும் உண்மை. 1994இல் வெளியான, 73 பேரிடம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை பலனை உறுதிப்படுத்தியது. 2003இல் இவ்விருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

அந்த மருந்தே இன்ஃப்ளிக்சிமாப் என்பது. இத்தகைய மருந்துகளுக்கு உயிரி மருந்துகள் என்று பெயர். சாதாரண மாத்திரைகள் இரசாயனச் சேர்க்கையால் ஆனவை. உயிரி மருந்துகளோ உயிருள்ள அணுக்களை வளர்த்து, அவற்றைக்கொண்டு சுரக்கச் செய்யப்படும் பெரிய புரதங்கள். 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைன், கோலர் என்போர் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெறும் வழியைக் கண்டனர். அதற்காக 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர். பெயரின் இறுதியில் ‘மாப்’ என்று வரும் மருந்துகள் யாவும் இவ்வழியில் பிறந்தவை. இன்ஃப்ளிக்சிமாப் ஒரு பகுதி சுண்டெலியின் புரதமும் பெரும்பகுதி மனிதப் புரதமும் கொண்டது. பின்னர் வந்த அடாலிமுமாப் முழுவதும் மனிதப் புரதத்தை ஒத்தது. எட்டானர்செப்ட் என்பது வேறு வகை. டி.என்.எஃப். வந்து ஒட்டிக்கொள்ளும் கொக்கியைப் போலவே ஒரு போலிக் கொக்கியைச் செய்து இரத்தத்தில் மிதக்கவிடுகிறார்கள். தூதுவன் அணுவை அடையுமுன் அதில் சிக்கிக்கொள்கிறான்.

முடக்குவாதத்துக்கென அமெரிக்காவில் எட்டானர்செப்ட் 1998இலும், இன்ஃப்ளிக்சிமாப் 1999இலும், அடாலிமுமாப் 2002இலும் அனுமதி பெற்றன. வேறு தூதுவர்களையும் அணுக்களையும் குறிவைக்கும் டோசிலிசுமாப், ரிட்டுக்சிமாப் முதலியன அவற்றின் பின் வந்தன. வகைகளை எல்லாம் வாசகர்கள் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. இவை யாவும் புரதமாதலால் வாய்வழி உண்டால் இறைச்சியும் பருப்பும் செரிப்பதுபோல் வயிற்றிலேயே செரித்துப் பயனற்றுப் போகும். ஆகவே ஊசியாகவோ, இரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகவோ மட்டுமே தரப்படும். எட்டானர்செப்ட் வழக்கமாக வாரம் ஒருமுறை அல்லது இருமுறை. அடாலிமுமாப் இரு வாரத்துக்கு ஒருமுறை. இன்ஃப்ளிக்சிமாப் தொடக்கத்தில் நெருக்கமாகவும் பின்னர் எட்டு வாரத்துக்கு ஒருமுறையும். இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

இவற்றால் எல்லார்க்கும் குணம் உண்டாகிவிடுமா? இல்லை. ஏறத்தாழப் பத்துப் பேரில் ஆறு பேர் குறிப்பிடத்தக்க பயன் பெறுகின்றனர். மற்றவர்களுக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். நோயை வேரோடு களையும் மருந்தும் அன்று. அடக்கி வைக்கும் மருந்து. ஆயினும், அரிப்பு எலும்பில் இறங்குமுன் அடக்கிவிட்டால் கை கையாகவே இருக்கிறது. மீன் கூடையைப் பிடிக்க வேண்டிய ஒருத்திக்கு அதுவே பெரிது.

முதலில் தரவேண்டிய மருந்து

புதிய மருந்தின் புகழைக் கேட்டதும், ‘அதையே எழுதித் தாருங்கள்’ என்று கேட்போர் உண்டு. நிலத்தை விற்றாவது வாங்கிவிடுகிறோம் என்போரும் உண்டு. அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. விலை மலிவு, வாரத்துக்குச் சில பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். உயிரி மருந்து தரும்போதும் பெரும்பாலும் இதனை உடன் சேர்த்தே தருவர்.

இம்மருந்தின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில்தான் 1940களில் ஃபோலிக் அமிலமும், அதனை எதிர்க்கும் மருந்துகளும் உருவாயின. முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அவை பயன்பட்டன. சிறிய அளவில் வாரம் ஒருமுறை தந்தால் முடக்குவாதம் அடங்கும் என்பது 1980களின் சோதனைகளால் உறுதியாயிற்று. சுப்பாராவ் 1948இலேயே மறைந்துவிட்டார். தாம் விதைத்தது இவ்வகையில் விளைந்ததை அவர் காணவில்லை.

இங்கே வாசகர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ண வேண்டிய மாத்திரை. சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை போல் நாள்தோறும் உண்டால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரும். எழுத்தறியாத நோயாளியாயின் வீட்டிலுள்ள ஒருவர் கிழமையைக் குறித்துத் தம் கையாலேயே தர வேண்டும். ‘வெள்ளிக்கிழமை மாத்திரை’ என்று பெயரே வைத்துவிடுவது நல்ல வழக்கம். மறுநாளோ மருத்துவர் சொன்ன நாளிலோ ஃபோலிக் அமில மாத்திரை உண்ண வேண்டும். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். மது அருந்தலாகாது, புதுவையில் இதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. கருவுற்றிருப்போரும், விரைவில் குழந்தை வேண்டுவோரும் இம்மாத்திரையை உண்ணலாகாது. கருவைச் சிதைக்கும் தன்மை இதற்கு உண்டு. மணமான இளம்பெண்கள் மருத்துவரிடம் இதனைக் கூசாமல் கூறிவிட வேண்டும். வேறு மருந்துகள் இருக்கின்றன.

மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாவிடில் என்ன செய்வது? சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் வேறிரண்டு பழைய மாத்திரைகளையும் அதனோடு சேர்த்து மும்மருந்தாகத் தரலாம். 2013இல் அமெரிக்க, கனடா நாடுகளின் மருத்துவர்கள் 353 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மும்மருந்தும், மறுபகுதியினருக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு எட்டானர்செப்ட் ஊசியும் தந்தனர். ஆறு மாதத்தில் குணம் காணாதவரை மறு சிகிச்சைக்கு மாற்றினர். ஓராண்டு அளவில் பார்க்கையில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். செல்வ நாடுகளில் நடந்த இச்சோதனையின் பயனை மிகுதியாக அடைய வேண்டியவர்கள் நம் கிராமத்து ஏழைகளே என்பது நம் கருத்து. உயிரி மருந்துக்குப் பணமில்லை என்று சிகிச்சையையே கைவிடும் குடும்பங்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டும். மலிவான மாத்திரைகளை ஒழுங்காக, போதிய அளவில், போதிய காலம் உண்டு பார்த்த பின்னரே ஊசியின் கேள்வி எழும். அவ்விதம் உண்டும் அடங்காத நோய் உண்டு. அங்கே உயிரி மருந்துக்கு ஈடு வேறில்லை.

உறங்கும் காசநோய்

நிற்க. உயிரி மருந்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் முதலிற் பேச வேண்டியது விலையை அன்று, காசநோயை. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் இந்தியர். நோயாக வெளிப்படாமல் கிருமியை மட்டும் உடலுக்குள் தாங்கியிருப்போர் அவர்களினும் பன்மடங்கு. அக்கிருமியை நம் காவற்படை சுற்றி வளைத்து ஒரு சிறு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அக்கோட்டைச் சுவர் சிதையாமல் காப்பது எது? மூட்டை அரித்த அதே டி.என்.எஃப்-தான். ஏரிக்கரையைக் காக்கும் ஆளை வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிட்டால் கரைக்கு யார் பொறுப்பு? டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் மூட்டு வீக்கம் வடிகிறது. கிருமியின் கோட்டையும் திறந்துவிடுகிறது.

2001இல் அமெரிக்காவிலிருந்து வெளியான அறிக்கை இதனை உலகுக்கு உணர்த்தியது. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டதை அது ஆராய்ந்தது. பலருக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே, வேறு உறுப்புகளிலும் பரவியிருந்தது. இருமலும் சளியும் இல்லாமலே காசநோய் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. காசநோய் அருகிய நாடுகளிலேயே இந்நிலை என்றால் நம் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

ஆதலால் உயிரி மருந்து தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும், தோலில் இடும் டியூபர்குலின் சோதனையோ அதற்கு ஈடான இரத்தச் சோதனையோ செய்வர். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் ஐசோனியசிட் போன்ற மருந்தைப் பல மாதங்கள் உண்ணத் தருவர். அது தொடங்கிக் குறைந்தது ஒரு மாதமாவது சென்ற பின்னரே ஊசியைத் தொடங்குவர். நோயாளிகள் இத்தாமதத்தைக் கண்டு சலித்துக்கொள்கின்றனர். வீட்டில் எவருக்கேனும் முன்பு காசநோய் இருந்ததைச் சொன்னால் சிகிச்சை தள்ளிப்போகும் என்று மறைத்துவிடுவதும் உண்டு. அவ்வாறு மறைப்பது தம் உயிரோடு விளையாடுவதாகும். காசநோய் இன்று மறைக்க வேண்டிய நோயும் அன்று. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று 1959இலேயே உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. அதற்கான மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளுக்கும் முன்கூட்டியே சோதனை வேண்டும். சிகிச்சையின்போது காய்ச்சலோ, விடாத இருமலோ, உடல் இளைப்போ கண்டால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். விவசாயிகளுக்கு மற்றொன்று: தென்னிந்தியாவின் வயற்சேற்றில் வாழும் சில கிருமிகள் காவற்படை தளர்ந்தவரைப் பற்றிக் கடுநோய் விளைவிக்கின்றன. காலில் புண்ணிருக்கும்போது சேற்றில் இறங்கலாகாது. இறங்கத்தான் வேண்டுமெனில் ரப்பர்க் காலணி அணிய வேண்டும்.

விலையும் கிடைக்குமிடமும்

உயிரி மருந்துகள் முதலில் நம் நாட்டுக்கு வந்தபோது அவற்றை வாங்கும் சக்தி மிகச் சிலருக்கே இருந்தது. உரிமம் பெற்ற மூல மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனங்கள் தயாரிப்பவற்றை ‘ஒப்பு உயிரி மருந்துகள்’ எனலாம். 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிட்டுக்சிமாபை இவ்வகையில் கொண்டுவந்தது. 2012இல் இத்தகைய மருந்துகளுக்கென மத்திய அரசு நெறிமுறைகளை வகுத்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உலகிலேயே முதன்முதலாக ஒப்பு அடாலிமுமாபை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஒரு குப்பியின் விலை சுமார் 10,000 ரூபாய். மாதம் இரண்டு குப்பிகள் வேண்டும். வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டால் பெருங்குறைவே. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதுவும் எட்டாக் கனியே. அதன் பின்னர்ப் பல நிறுவனங்கள் போட்டியில் இறங்கியுள்ளன. நோய் நன்கு அடங்கிய பின் சிலருக்கு ஊசிகளின் இடைவெளியை நீட்டவும் மருத்துவர் இசைவதுண்டு. தாமாக நீட்டுவதோ நிறுத்துவதோ தவறு.

உப்பளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நகரின் வடமேற்கே கோரிமேட்டில் உள்ளது ஜிப்மர் மருத்துவமனை. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் ஜவாகர்லால் பெயர் தாங்கிய நிலையமாகி, 2008இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. அங்கே இத்தகைய நோய்களுக்கெனத் தனித் துறை இயங்குகிறது. மெத்தோட்ரெக்சேட்டின் பயன் தமிழ் நோயாளிகளிடையே மரபணு வேறுபாட்டால் எவ்வாறு மாறுகிறது என்பதை ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். விழுப்புரம், கடலூர் மாவட்டத்தாரும் நாள்தோறும் அங்கு வருகின்றனர். சென்னையில் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் முடக்குவாதத்துக்குத் தனித் துறை உண்டு. காப்பீட்டு அட்டை உடையோர் அதனையும், ஆதார் அட்டையையும், பழைய சீட்டுகள் அனைத்தையும் கொண்டு செல்ல வேண்டும். பழைய சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு வருவோரே மிகுதி என்று மருத்துவர்கள் வருந்துகின்றனர்.

மாயப் பொடிகள்

முடக்குவாதம் முற்றும் காலம் வரை நோயாளி எங்கே இருந்தார் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடை வருகிறது: ‘ஒரு பொடி தந்தார்கள், இரண்டே நாளில் எழுந்து நடந்தேன்.’ இரண்டே நாளில் வீக்கத்தை வடிக்கும் பொருள் ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் ஹென்ச் என்னும் மருத்துவர் கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகச் செலுத்தியபோது, படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்ததை உலகமே வியந்தது. 1950இல் நோபெல் பரிசும் கிடைத்தது. அதன் தீமைகள் வெளிப்பட நெடுங்காலம் ஆகவில்லை. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து முறிகிறது. தவறின்றி மருத்துவர் சிறிது காலத்துக்குச் சிறிய அளவில் தருவது வேறு. பெயரில்லாப் பொட்டலத்தில் அளவறியாமல் மாதக்கணக்கில் உண்பது வேறு. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து நேரும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பொடியைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் சென்று படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முறையாகப் பயின்ற சித்த மருத்துவர்களை நாம் இங்கே குறை கூறவில்லை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பெயரின்றி விற்பவர்களையே குறிப்பிடுகிறோம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து, காலை விறைப்பும் கைவிரல் வீக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் உள்ளவர்களைப் பட்டியலிட்டு, ஒரே நாளில் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யலாம். தனியே செல்லத் தயங்கும் பெண்கள் நால்வர் ஐவராகச் செல்லத் தயங்குவதில்லை. நூறு நாள் வேலையில் இத்தகையோருக்கு மண் சுமப்பதற்கு மாறாகத் தண்ணீர் தருதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற பணிகளை ஒதுக்குமாறு கேட்கலாம்.

உயிரி மருந்து உண்போர் ஊரில் இருந்தால் மருந்தைப் பாதுகாக்கும் வழியும் வேண்டும். இவை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட வேண்டியவை. குளிர்பெட்டியின் உறைபெட்டியில் வைத்தால் புரதம் கெட்டுவிடும். உறைந்த மருந்து இளகிய பின்னும் பயன்படாது. குளிர்பெட்டியின் கதவிலும் வைக்கக் கூடாது, நடுத்தட்டே தக்கது. நகரத்திலிருந்து பேருந்தில் கொண்டுவருவோர் தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பையைத் துணியில் சுற்றி வைத்து, மருந்துக் குப்பி பனிக்கட்டியை நேரே தொடாதவாறு கொணர வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்கள், தடுப்பூசி வைக்கும் பெட்டி உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் முன்னரே பேசி வைத்துக்கொள்வது நன்று. போடுமுன் கால் மணி, அரை மணி நேரம் வெளியே வைத்தால் ஊசியின் எரிச்சல் குறையும்; வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாகாது. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு வைத்து, நிறைந்ததும் அதே சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கலாம்.